பன்னிரண்டாவது பெயர்

ஊஞ்சக்காட்டுப்புதூர்,
30.8.2009

அன்புள்ள தம்பி தமிழ்செல்வனுக்கு,

அக்கா பூங்குழலி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, என் பெண் கவிப்பிரியா மூவரும் சுகம். மச்சான் காடாத்துணி லோடு ஏற்றிக்கொண்டு அகமதாபாத் போயிருக்கிறார். மலைமேல் உன் ராணுவ முகாமில் குளிர் ஆரம்பித்துவிட்டதா? பருப்புப்பொடி பார்சல் வந்து சேர்ந்ததா என்று அம்மா தினமும் கேட்கிறாள்.

பன்றிக் காய்ச்சல் செய்தி உங்கள் ரேடியோவிலும் வந்திருக்கும். நம் ஊரிலும் வந்துவிட்டது. நர்ஸாக என் பொறுப்பில் இருக்கும் தெருக்களில் அறுபத்து மூன்று வீட்டில் யாராவது ஒருவர் படுத்திருக்கிறார்கள். நாலு பேர் இறந்துவிட்டார்கள். பஸ் ஸ்டாப் டீக்கடை அங்கமுத்து அண்ணன் அதில் ஒருவர். ஆனால் பேப்பரில் நம் பகுதியில் சாவே இல்லை என்று போட்டிருக்கிறது. தொண்டையில் சளி எடுத்துச் சென்னைக்கு அனுப்பி, அங்கிருந்து 'அதுதான்' என்று தாள் வந்தால்தான் கணக்கில் சேரும். இந்த நாலு பேருக்கும் சளி எடுக்கவில்லை. 'காரணம் தெரியவில்லை' என்று எழுதச் சொன்னார் எங்கள் டாக்டர். எழுதினேன்.

செவ்வாய்ச் சந்தை இல்லை. பள்ளிக்கூடம் இல்லை. தறிகளைப் பத்து நாள் நிறுத்தச் சொல்லி உத்தரவு. ஊரில் நூற்று நாற்பது தறியும் நிற்கிறது, நம் எட்டும் சேர்த்து. அப்பாவைத் தறி முதலாளிகளின் கூலித்தறிச் சங்கத்துக்குச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். காலையில் கிளம்பினால் மதியம் சோற்றுக்குத்தான் வருகிறார்.

வேளைக்குச் சாப்பிடு. காது மூடித் தூங்கு.

அக்கா
பூங்குழலி

*

56 ஏ.பி.ஓ.
14.9.2009

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். பருப்புப்பொடி வந்தது. பஞ்சாபிக்காரர் ஒருவர் அதை ரொட்டியில் தடவித் தின்றுவிட்டு இன்னும் கேட்கிறார் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

இங்கே லீவு முடிந்து யார் வந்தாலும் ஏழு நாள் தனிக் கூடாரம். காய்ச்சல் நூறைத் தாண்டினால் உடனே தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டுச் சளி எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். டாக்டர் சாப் சொல்வார், மூச்சு வாங்கினால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது என்று. நீங்களும் அப்படித்தான் செய்வீர்கள், எனக்குத் தெரியும். வீடு வீடாகப் போகும்போது முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு இந்த வயதில் சங்கம் எதற்கு? சத்தம் போட்டால் அவருக்கு இருமல் வந்துவிடும். அம்மாவிடம் சொல்லித் தடுத்து வையுங்கள்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

தம்பி
தமிழ்செல்வன்

*

ஊஞ்சக்காட்டுப்புதூர்,
1.10.2009

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. வீட்டில் எல்லோரும் சுகம்.

சாவு ஒன்பது ஆகிவிட்டது. நம் பட்டறையில் தறி ஓட்டும் டேனியலின் சம்சாரம் செல்லத்தாய் ஒன்பதாவது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பன்னிரண்டு வருஷமாக நம் தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்தவர். முப்பத்தெட்டு வயது. அவருக்கும் 'காரணம் தெரியவில்லை'.

பத்து நாள் என்றவர்கள் ஐந்து வாரம் நிறுத்திவிட்டார்கள். போன வாரம் அதிகாரிகள் வந்தபோது பஸ் ஸ்டாப்பில் பெரிய கூட்டம். அப்பா பேப்பரைத் தூக்கிக் காட்டிக் கேட்டார்: "ஏனுங்க, சாவே இல்லீன்னு நீங்களே பேப்பர்ல போடறீங்க. சாவு இல்லாத ஊருல எதுக்குங்க தறியை நிறுத்தறீங்க? பசியில சாகறதுக்குங்களா?" எல்லோரும் கை தட்டினார்கள்.

டேனியல் கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். "மொதலாளி, எம் பொண்டாட்டி செத்து ஆறு நாளுதான் ஆவுது. சாவே இல்லன்னு நீங்களுமா சொல்லுதீக?" என்றார். அப்பா அவரைப் பார்க்காமல், "நான் சொல்லலை டேனியலு, கெவர்மெண்டு சொல்லுது" என்றார்.

கடைசியில் 29ஆம் தேதி தறிகளைத் திறக்க விட்டார்கள். ஒரு நிபந்தனை: பதினாலு நாளைக்குள் இந்த ஊரிலிருந்து ஒருவர் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் மறுபடி ஒரு மாதம் சீல். உத்தரவைப் பால் சொசைட்டிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.

தறிச் சத்தம் கேட்கிறது. அம்மா, "இப்பத்தான் ஊரு ஊரு மாதிரி இருக்குது" என்கிறாள்.

உன் உடம்பு முக்கியம்.

பூங்குழலி

*

56 ஏ.பி.ஓ.
11.10.2009

அக்கா,

சுகம். அவசரமாக எழுதுகிறேன்.

எட்டாம் தேதி மூன்று நிமிடம் போன் கிடைத்தது. அம்மாதான் எடுத்தாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் இருமினாள். கேட்டதற்கு, "சளிதான் கண்ணு, நேத்து மழையில நனைஞ்சுட்டேன்" என்றாள். நம் ஊரில் மழை பெய்ததா அக்கா? அம்மாவை நீங்கள் பாருங்கள். உங்கள் கண்ணால் பார்த்து எனக்கு எழுதுங்கள்.

எங்கள் கூடாரத்தில் இரண்டு பேருக்குக் காய்ச்சல். நாளையிலிருந்து இருபது பேரைப் பிரித்து வைக்கிறார்கள், நானும் ஒருவன். எனக்கு ஒன்றுமில்லை. பயப்படாதீர்கள்.

தமிழ்செல்வன்

*

ஊஞ்சக்காட்டுப்புதூர்,
27.10.2009

தம்பி,

நீ எழுதிய கடிதம் நேற்றுத்தான் வந்தது. உனக்குக் காய்ச்சல் வரவில்லையே? அதை முதலில் எழுது.

செய்தியை உன் ஆபீசர் சொன்னார் என்று போனில் தெரிந்துகொண்டோம். பதிமூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அம்மா போய்விட்டாள். அன்று சாயங்காலமே எடுத்துவிட்டோம். நீ வர முடியாது என்று தெரிந்துவிட்டது. வைத்திருந்து என்ன செய்வது? அப்பாவே கொள்ளி வைத்தார்.

உடுமலையிலிருந்து சித்தி வந்தார். அமராவதி நகரிலிருந்து பெரிய மாமா வந்தார். காய்ச்சலுக்குப் பயந்து பாதிப் பேர் வாசலிலேயே நின்றுவிட்டுப் போனார்கள். டேனியல் உள்ளே வந்து பாடை கட்டினார். மச்சான் மறுநாள்தான் வந்து சேர்ந்தார். கவிப்பிரியா இரண்டு நாள் சாப்பிடவில்லை, இப்போது சாப்பிடுகிறாள். நம் தறிகள் இரண்டு நாள் நின்றன. பதினைந்தாம் தேதி ஓட ஆரம்பித்தன.

நான் ஆறாம் நாள் டூட்டிக்குப் போய்விட்டேன். தடுப்பூசி நாள். முப்பத்தொரு குழந்தைக்குப் போட்டேன். அழுகை வரவில்லை. கை பாட்டுக்கு வேலை செய்கிறது. சோறு வைத்தால் தின்கிறேன், படுத்தால் தூங்கிவிடுகிறேன். என்னமோ மரக்கட்டை மாதிரி இருக்கிறேன்.

நீ தைரியமாக இரு.

அக்கா

*

56 ஏ.பி.ஓ.
8.11.2009

அக்கா,

எனக்குக் காய்ச்சல் இல்லை. இருபது பேரில் மூன்று பேருக்குத்தான் வந்தது. மூன்று பேரையும் ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போய்க் காப்பாற்றிவிட்டார்கள்.

ஆபீசர் கூடாரத்துக்கு வெளியே பத்தடி தள்ளி நின்றுதான் சொன்னார். கிட்டே வரக் கூடாது என்று விதி. தோளில் கை வைக்கக்கூட யாரும் வரவில்லை. விடுவித்தபோது பனி விழுந்து பாதை மூடிவிட்டது. இனி விமானம் கிடைத்தால்தான்.

அக்கா, நீங்கள் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு என்ன ஆனது என்று எழுதவில்லை. காய்ச்சல்தானே? எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்கள்? சளி எடுத்தார்களா? தாள் வந்ததா?

அப்பா எப்படி இருக்கிறார்?

தமிழ்செல்வன்

*

ஊஞ்சக்காட்டுப்புதூர்,
22.11.2009

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

அப்பா நன்றாக இருக்கிறார். சர்க்கரை பார்த்தேன், கொஞ்சம் கூடியிருக்கிறது. தறிப்பட்டறைக்குப் போகிறார், வருகிறார். சங்கத்துக்குப் போவதில்லை. கவிப்பிரியாவுக்குப் பள்ளி திறந்துவிட்டது.

அக்டோபர் பாதிக்குப் பிறகு ஊரில் சாவு இல்லை. காய்ச்சலும் குறைந்துவிட்டது. ஆனால் சண்டை குறையவில்லை. தறி ஓட்டுபவர்கள் சாவு ஒன்பது என்கிறார்கள், பதினைந்து என்கிறார்கள். சங்கத்தார் ஒன்றுகூட இல்லை, வீணாகத் தறியை நிறுத்தி ஊரைக் கெடுத்தார்கள் என்கிறார்கள். சாவுகளைக் கணக்கில் சேர்க்கச் சொல்லி டேனியலும் இன்னும் சிலரும் மனு கொடுத்ததால் அடுத்த மாதம் விசாரணை வைக்கிறார்கள். இறந்தவர்களை நான் குறித்து வைத்த நோட்டையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அதில் பதினோரு பெயர் இருக்கிறது.

குளிர் கூடியிருக்கும். கம்பளி போதுமா?

பூங்குழலி

*

56 ஏ.பி.ஓ.
4.12.2009

அக்கா,

கம்பளி போதும்.

ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவில்லை?

தமிழ்செல்வன்

*

ஊஞ்சக்காட்டுப்புதூர்,
30.12.2009

சிரஞ்சீவி தமிழ்செல்வனுக்கு அப்பா ஆறுச்சாமி ஆசீர்வாதம்.

சாமி, நான் கடிதம் எழுதிப் பத்து வருஷம் இருக்கும். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துப் படி. உன் அக்கா உனக்குப் பதில் எழுத உட்காருவதும் காகிதத்தை மடித்து வைப்பதுமாக இருக்கிறாள். அதனால் நான் எழுதுகிறேன்.

இருபத்திரண்டாம் தேதி கல்யாண மண்டபத்தில் விசாரணை நடந்தது. மேடையில் அதிகாரிகள் மூன்று பேர். ஒரு பக்கம் சங்கத்தார், ஒரு பக்கம் தறி ஓட்டுகிறவர்கள். என்னைச் சங்கத்தார் முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். 'சாவு இல்லை, இனிமேல் தறியை நிறுத்தக் கூடாது' என்று நான் பேச வேண்டும் என்று எழுதியே கொடுத்திருந்தார்கள்.

முதலில் அக்காவைக் கூப்பிட்டார்கள். நோட்டைப் பிரித்துப் பெயர், வயது, காய்ச்சல் கண்ட நாள், இறந்த நாள் என்று ஒவ்வொன்றாகப் படித்தாள். அங்கமுத்துவில் ஆரம்பித்தாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. செல்லத்தாய் பெயர் வந்தபோது டேனியல் எழுந்து நின்றான். "பத்து நாளா காய்ச்சல்ல கெடந்தாய்யா. அவ பேர எழுதிக்கிடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றான். எழுதிக்கொண்டார்கள்.

பதினொன்று படித்து நோட்டை மூடினாள். "அவ்வளவுதானாம்மா?" என்று பெரிய அதிகாரி கேட்டார். உன் அக்கா என்னைப் பார்த்தாள். "அவ்வளவுதானுங்க" என்றாள்.

என் கையில் அவர்கள் எழுதிக் கொடுத்த தாள் இருந்தது. நான் எழுந்தேன். பேசப் போகிறேன் என்று சங்கத்தார் கை தட்டினார்கள்.

"இன்னொண்ணு இருக்குதுங்க. பன்னெண்டு" என்றேன். "வேலாத்தாள். வயசு அம்பத்தெட்டு. காய்ச்சல் கண்டது அக்டோபர் ஏழாந்தேதி. போனது பதிமூணாந்தேதி. என்ற சம்சாரமுங்க."

அதிகாரி பழைய காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "செப்டம்பர்ல சாவே இல்லைன்னு பேசின ஆறுச்சாமி நீங்கதானே?" என்றார்.

"நானேதானுங்க."

உட்கார்ந்துவிட்டேன்.

சங்கத்திலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். நெய்வதற்கு மங்கலத்திலிருந்து வரும் பாவு நூல் இந்த வாரம் வரவில்லை. ஆறு தறி நிற்கிறது. அதைப் பற்றி நீ கவலைப்படாதே.

நீ அக்காவிடம் கேட்ட கேள்விக்கு நானும் பதில் சொல்ல வேண்டியவன். எனக்கு எழுதத் தெரியவில்லை, சாமி. அவளே எழுதட்டும்.

ஆறுச்சாமி

*

ஊஞ்சக்காட்டுப்புதூர்,
24.1.2010

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாயா? இங்கே சுகம் என்று எழுதலாம். உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் கேள்வியை ஆறு வாரமாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் ஏழாம் தேதி அம்மாவுக்குக் காய்ச்சல். ஊரில் மழை பெய்யவில்லை. மாத்திரை கொடுத்தேன். பதினோராம் தேதி ஞாயிற்றுக்கிழமை மதியம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினேன். நிமிடத்துக்கு முப்பத்தாறு. முப்பதைத் தாண்டினால் என்ன செய்ய வேண்டும் என்று நான் ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தவள். கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் சீட்டை எழுதினேன். அம்மா பெயர், வயது எல்லாம் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அப்பா வாசலில் நின்றார். "இன்னிக்குப் பன்னெண்டாவது நாளு கண்ணு. இன்னும் ரெண்டு நாளுதான். ஆசுபத்திரியில சேர்த்தா நூத்து நாப்பது தறிக்கும் பூட்டு. அதுவும் என்ற ஊட்டாலயே பூட்டு விழுந்துதுன்னு ஆகிப்போகும். ரெண்டு நாளு ஊட்டுலயே வெச்சுப் பாரேன். நீ நர்சு தானே" என்றார்.

அம்மாவும் உள்ளேயிருந்து, "எனக்கு ஒண்ணுமில்லீங்க. நான் எங்கயும் வர்லை" என்றாள். அதைச் சொல்வதற்கே இரண்டு தடவை மூச்சு விட்டாள்.

அப்பா சொன்னார் என்று உனக்கு எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் நான் சண்டை போடவில்லை, தம்பி. அந்த உத்தரவுக்கு முன்னால் மற்ற வீடுகளில் போட்டிருக்கிறேன். வராதவர்களைத் திட்டி, ஆட்டோவில் ஏற்றி, ஒன்பது பேரை அனுப்பினேன். அதில் ஏழு பேர் பிழைத்தார்கள். அன்று எனக்கு அலுப்பாக இருந்தது. இரண்டு மாதமாக வீடு வீடாகப் போய், 'காரணம் தெரியவில்லை' என்று எழுதி எழுதி என்னவோ உள்ளே ஆறிப்போயிருந்தது. இரண்டு நாள்தானே என்று எனக்கும் தோன்றியது. சீட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, "சரிங்கப்பா" என்றேன்.

பதிமூன்றாம் தேதி காலையில் உதடு நீலமாகிவிட்டது. அப்போது அப்பாவே ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தார். பல்லடம் தாண்டவில்லை. என் மடியில்தான் தலை இருந்தது. ஆஸ்பத்திரியில் சேரவில்லை, அதனால் சீலும் வைக்கவில்லை. அன்றோடு பதினாலு நாள் கெடு முடிந்தது.

நோட்டில் அம்மா பெயரை நான் எழுதவே இல்லை. எழுதினால் எந்த நாளில் என்ன செய்தேன் என்றும் எழுத வேண்டும். அதற்குத்தான் பதினொன்றோடு நிறுத்தினேன்.

விசாரணைக்குப் பிறகு போன வாரம் ஒரு கிளார்க் வீட்டுக்கு வந்தார். இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்குமூலம். பெயர், வயது, நாள் எல்லாம் அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'மருத்துவமனைக்குக் கொண்டு செல்லாததற்குக் காரணம்' என்று ஒரு கேள்வி இருந்தது. பேனா அங்கே நின்றுவிட்டது.

"ஆட்டோ கிடைக்கலைன்னு போட்ருங்கம்மா. எல்லாரும் அதான் போட்டிருக்காங்க. உங்க வேலைக்கும் நல்லது" என்றார் கிளார்க். நல்ல மனிதர்.

அப்பா, "கொண்டு போக வேண்டாம்னு நான் சொன்னேன்னு எழுது கண்ணு" என்றார்.

எழுதினேன். அதற்குக் கீழே, 'நான் அரசு சுகாதார நர்ஸ். நிலைமை தெரிந்தும் சரி என்றேன்' என்று எழுதினேன். அப்பா அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். "இது எதுக்கு?" என்று கேட்டார். நான் பேனாவை அவரிடம் நீட்டினேன். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

நேற்றுப் பேப்பரில் வந்துவிட்டது. எங்கள் பகுதியில் உறுதி செய்யப்பட்ட சாவு இல்லை, சந்தேகத்துக்குரியவை பன்னிரண்டு என்று. சங்கத்தார் முதல் பாதியைப் படிக்கிறார்கள், டேனியல் இரண்டாவது பாதியைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார். எனக்கு மெமோ வந்திருக்கிறது. வேலை போகுமா என்று தெரியாது. போனாலும் ஒன்றும் தோன்றவில்லை.

உன் கோபத்தை எழுது. நான் படிப்பேன்.

அக்கா

*

56 ஏ.பி.ஓ.
10.2.2010

அக்கா,

உடம்பு நன்றாக இருக்கிறது.

கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. மூன்று தடவை படித்தேன். கோபம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. உங்கள் மேல் இருக்கிறது, அப்பா மேல் இருக்கிறது. எட்டாம் தேதி போனில் மூன்று நிமிடத்தை வைத்துக்கொண்டு, 'அக்காவைக் கூப்பிடு' என்று சொல்லாத என் மேலும் இருக்கிறது.

விமானத்தில் இடம் கிடைத்திருக்கிறது. பதினெட்டாம் தேதி சண்டிகரில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து கேரளா எக்ஸ்பிரஸ். இருபத்திரண்டாம் தேதி திருப்பூரில் இறங்குவேன். வழியெல்லாம் யோசித்தாலும் இந்தக் கோபம் தீரும் என்று தோன்றவில்லை. அதோடுதான் வருவேன்.

வீட்டுக்கு நானே வந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வேண்டாம். ஸ்டேஷனுக்கு வாருங்கள். அப்பாவையும் கூட்டி வாருங்கள். தனியாக உள்ளே நுழைய என்னால் முடியாது.

தமிழ்செல்வன்